பிழிந்தெடுத்த தாய்ப்பாலின் கெடு: 4 மணி நேரமா, 8 மணி நேரமா?

பிழிந்தெடுத்த தாய்ப்பாலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று கேட்டால், கேட்கிற இடத்துக்கு ஒரு பதில் கிடைக்கிறது. பிரசவ வார்டில் பரவலாகச் சொல்லப்படுவது, வெளியே 6 முதல் 8 மணி நேரம், ஃபிரிட்ஜில் ஒரு நாள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, வெளியே 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் என்கிறது. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்., ஃபிரிட்ஜில் 8 நாள் வரை போகலாம் என்கிறது. பால் பிழியும் பம்ப் வந்த டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இன்னொரு கணக்கு. வீட்டுப் பெரியவர்களோ, எடுத்து வைத்த பாலைக் கொடுக்கவே கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

எண் சொல்பவர்கள் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு அறையும் ஒரு ஃபிரிட்ஜும் இருக்கின்றன. அந்த அறையில் எவ்வளவு சூடு, அந்த ஃபிரிட்ஜில் எவ்வளவு குளிர் என்பது வழியிலேயே உதிர்ந்துபோய், எண் மட்டும் நம் கைக்கு வந்து சேர்கிறது. குழப்பம் அங்கேதான்.

## எடுத்து வைக்க வேண்டிய தேவை எங்கிருந்து வருகிறது

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2017 திருத்தம் முதல் நடப்பில் உள்ள மகப்பேறு நல விதிகளின்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 26 வாரம் என்றால் 6 மாதம், கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவருக்குக் குழந்தை பிறந்த பிறகு மிஞ்சுவது 18 வாரம், அதாவது 4 மாதத்துக்குச் சற்று மேல். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு கிடைக்கிறது. தனியார் வேலையில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. இது ஒழுங்காக நடக்கிற இடத்தில் பம்பும் வேண்டாம், இந்தக் கட்டுரையும் வேண்டாம். மற்ற இடங்களில் பால் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போகிறது.

## இந்தப் பால் ஏன் உடனே கெடுவதில்லை

காய்ச்சாத பசும்பாலை மே மாதத்தில் சமையல் மேடையில் விட்டால் என்னவாகும் என்று நமக்குத் தெரியும். தாய்ப்பாலும் காய்ச்சாத பால்தான். ஆனாலும் அது கொஞ்சம் தாங்குகிறது. காரணம், அதற்குள்ளேயே காவல் இருக்கிறது. நுண்கிருமிகளின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற நொதி, கிருமிகளுக்குத் தேவையான இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரின் என்ற புரதம், தாயிடமிருந்து வரும் எதிர்ப்பொருள்கள், உயிருள்ள வெள்ளையணுக்கள் எல்லாம் பாலிலேயே இருக்கின்றன. குளிரில் வைத்த பாலில், எடுத்தபோது இருந்ததைவிடச் சில நாள் கழித்துக் கிருமிகள் குறைந்திருந்ததையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் காவல் நிரந்தரம் அல்ல. வெப்பம் ஏற ஏறக் கிருமிகள் வேகமாகப் பெருகும், காவல் பின்வாங்கும். உறைய வைத்தால் வெள்ளையணுக்கள் செத்துவிடும். காய்ச்சினால் எதிர்ப்பொருள்களும் நொதிகளும் போய்விடும். பாலைச் சேமிக்கும் விதிகள் எல்லாம் இரண்டே காரியத்துக்காக இருக்கின்றன: கிருமி பெருகாமல் பார்ப்பது, காவலை முடிந்தவரை உயிரோடு வைப்பது. ஒன்றுக்காக இன்னொன்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். உறைந்த பாலைவிட ஃபிரிட்ஜ் பால் மேல், அதைவிட அப்போதே எடுத்த பால் மேல் என்ற வரிசை இப்படித்தான் வருகிறது.

## எண்களைச் சூட்டோடு சேர்த்துப் படிப்பது

1. அறையில்: சிடிசி சொல்லும் 4 மணி நேரம், 25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே உள்ள அறைக்கு. தாய்ப்பாலூட்டல் மருத்துவத்துக்கான பன்னாட்டு மருத்துவர் அமைப்பான ஏபிஎம், மிகச் சுத்தமாக எடுத்த பாலை 6 முதல் 8 மணி நேரம் வரையும் வைக்கலாம் என்கிறது, ஆனால் அறை 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 27 முதல் 32 டிகிரி வரையிலான அறைக்கு அதே அமைப்பு சொல்லும் வரம்பு 4 மணி நேரம்.

2. ஃபிரிட்ஜில்: 4 டிகிரியில் 4 நாள். என்.எச்.எஸ்.சின் 8 நாளும் 4 டிகிரியோ அதற்குக் குறைவோ இருக்கும் ஃபிரிட்ஜுக்குத்தான். எத்தனை டிகிரி என்று தெரியாவிட்டால் 3 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள் என்று அவர்களே அடுத்த வரியில் சொல்கிறார்கள். அந்த வரியை யாரும் பகிர்வதில்லை.

3. ஃப்ரீசரில்: மைனஸ் 18 டிகிரியில் 6 மாதம் வரை நல்லது, 12 மாதம் வரை பரவாயில்லை.

4. ஐஸ் பேக் வைத்த, வெளிச்சூடு புகாத காப்புப் பையில்: 24 மணி நேரம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சென்னையிலோ மதுரையிலோ ஏசி இல்லாத அறை ஏப்ரல் முதல் ஜூன் வரை பகலில் 32 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். 1996இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பாலை 15 டிகிரியில் 24 மணி நேரமும், 25 டிகிரியில் 4 மணி நேரமும் வைக்கலாம், 38 டிகிரியில் வைக்கவே கூடாது என்ற முடிவுக்கு வந்தது. 38 டிகிரி என்பது ஆய்வகத்துக்கு ஓர் உச்ச வரம்பு. நமக்கு அது ஒரு மே மாத மத்தியானம். ஆகவே 6–8 மணி நேரம் என்ற எண்ணை மார்கழிக்கு வைத்துக்கொள்ளலாம். கோடையில் எடுத்த கையோடு குளிரில் வைப்பதுதான் சரி. வைக்க வழியில்லாவிட்டால் அடுத்த வேளைக்கே கொடுத்துவிட வேண்டும்.

இந்தியாவில் ஃபிரிட்ஜுக்கு 24 மணி நேரம் என்று ஏன் குறைத்துச் சொல்கிறார்கள் என்பதும் இதிலிருந்தே விளங்கும். மின்வெட்டு வரும், கதவு நாள் முழுக்கத் திறந்து மூடும், ஃபிரிட்ஜுக்குள் எத்தனை டிகிரி என்று யாருக்கும் தெரியாது. அப்படி இருக்கும்போது குறைத்துச் சொல்வது பாதுகாப்பு. உள்ளே 4 டிகிரி இருக்கிறது என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தவர் 4 நாளை நம்பலாம்.

## நம் ஃபிரிட்ஜும் அதன் ஐஸ் பெட்டியும்

கதவில் இருக்கும் தட்டுதான் ஃபிரிட்ஜிலேயே வெப்பமான இடம். தண்ணீர் பாட்டிலுக்காக ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அங்கே சூடு ஏறும். பால் இருக்க வேண்டியது உள்ளே, பின்பக்கம். சூடு ஆறாத சாம்பார் பாத்திரத்தை அதன் பக்கத்தில் வைக்கக் கூடாது. பொங்கி வழிகிற மாவுத் தூக்குக்கும் அதற்கும் இடைவெளி வேண்டும். பால் டப்பாக்களை மூடி போட்ட தனி டப்பா ஒன்றுக்குள் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஃப்ரீசர் விஷயத்தில்தான் பெரிய ஏமாற்றம் நடக்கிறது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில், கதவைத் திறந்ததும் உள்ளே மேலே சின்னதாக ஒரு மூடியோடு இருப்பது ஐஸ் பெட்டி. அது மைனஸ் 18ஐ எட்டுவது அரிது. அதற்கு என்.எச்.எஸ். தரும் கெடு 2 வாரம் மட்டுமே. 6 மாதக் கணக்கு, தனிக் கதவு கொண்ட ஃப்ரீசருக்கு. எளிய சோதனை ஒன்று உண்டு: ஐஸ்கிரீமை இரவு வைத்துக் காலையில் ஸ்பூனால் குத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் சரி. கொழகொழவென்று இருந்தால் அங்கே தாய்ப்பாலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசர்களில் சுவரை ஒட்டி வைக்காமல், நடுவில், பின்பக்கமாக வைப்பது நல்லது. பனி உருகும் நேரத்தில் சுவரோரம் சூடு ஏறி இறங்கும்.

## டப்பா, அளவு, தேதி

கண்ணாடி, அல்லது உணவுக்கென்றே செய்த கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, அல்லது தாய்ப்பாலுக்கென்றே விற்கும் பைகள். காய்கறிக் கடையில் தரும் பாலித்தீன் கவர் ஆகாது. உறையும்போது பால் உப்பும் என்பதால் மேலே ஓர் அங்குலம் காலியாக விட வேண்டும்.

ஒரு டப்பாவில் 60 மில்லி, மிஞ்சினால் 120. அதற்கு மேல் ஊற்றினால் வீணாவதுதான் அதிகம். 1 முதல் 6 மாதக் குழந்தை ஒரு நாளில் ஏறக்குறைய 750 மில்லி குடிக்கிறது. தாய் வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மில்லி என்று கணக்கு வைத்தால், 9 மணி நேர வேலைநாளுக்கு 270 முதல் 400 மில்லி போதும். ஃப்ரீசர் நிறையப் பால் பைகளை அடுக்கிப் படம் போடுபவர்களைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. மறுநாளைக்குத் தேவையான பால் கையில் இருந்தாலே போதும்.

ஒவ்வொன்றின் மேலும் எடுத்த தேதியும் நேரமும் இருக்க வேண்டும். பழையதை முதலில் எடுக்க வேண்டும். இப்போது எடுத்த வெதுவெதுப்பான பாலை, ஏற்கெனவே குளிர்ந்த பாலோடு நேரே ஊற்றக் கூடாது. தனியாகக் குளிர வைத்துப் பிறகு சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் பழைய பாலின் தேதிதான் இரண்டுக்கும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், பம்ப் பாகங்களை ஒவ்வொரு முறையும் கழுவுவதும் எல்லாருக்கும் தெரிந்ததே. தெரியாமல் நடக்கும் தப்பு, கழுவிய பிறகு சமையலறைத் துணியிலோ சேலைத் தலைப்பிலோ துடைப்பது. சுத்தமான தட்டில் கவிழ்த்துக் காற்றில் உலர விடுவதே சரி. 2 மாதத்துக்குள் உள்ள குழந்தை என்றால் தினம் ஒருமுறை 5 நிமிடம் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும்.

## உருக்குவது: 24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது

உறைந்த பாலை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து கீழே ஃபிரிட்ஜுக்கு மாற்றுவதுதான் நல்ல வழி. ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உருகும். அவசரம் என்றால் மூடிய டப்பாவைக் குழாய்த் தண்ணீரில் காட்டி, பிறகு வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தலாம். மேடையில் வைத்து உருகட்டும் என்று விட்டால், நடுவில் கட்டி இருக்கும்போதே ஓரம் அறைச் சூட்டுக்கு வந்துவிடும்.

ஃபிரிட்ஜில் உருகிய பாலுக்கு 24 மணி நேரம். இந்தக் கடிகாரம் ஃப்ரீசரை விட்டு வெளியே வந்ததும் ஓடத் தொடங்குவதில்லை. கடைசிக் கட்டியும் கரைந்த பிறகே தொடங்குகிறது. ஃபிரிட்ஜை விட்டு அறைக்கு வந்துவிட்டால் அல்லது சூடாக்கிவிட்டால் 2 மணி நேரம்தான். முழுக்க உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

## சூடாக்குவது: காய்ச்சும் பழக்கத்தோடு ஒரு மோதல்

நம் வீடுகளில் பால் என்றாலே அடுப்பு. காய்ச்சாத பாலைக் குழந்தைக்குக் கொடுப்பதா என்று பாட்டி கேட்பதில் நியாயம் இருக்கிறது. பசும்பாலுக்கு அது நூற்றுக்கு நூறு சரி. மாடு, கறக்கும் கை, தூக்கு, வண்டி என்று பல இடம் தாண்டி வந்த பால் அது. தாய்ப்பால் தாயிடமிருந்து நேரே டப்பாவுக்கு வந்தது. அதைக் காய்ச்சினால் எதற்காக இத்தனை பாடுபட்டுச் சேமித்தோமோ அதுவே போய்விடும்.

உண்மையில் சூடாக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அறைச் சூட்டிலும் கொடுக்கலாம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சில்லென்றும் கொடுக்கலாம். பெரும்பாலான குழந்தைகள் மார்பில் குடிக்கும் சூட்டையே விரும்பும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. செய்வது இவ்வளவுதான்: கை பொறுக்கும் சூட்டில், 40 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து, மூடிய டப்பாவை அதில் சில நிமிடம் நிறுத்த வேண்டும். மூடிக்குள் தண்ணீர் போகக் கூடாது. எடுத்ததும் மெல்லச் சுழற்றிக் கலந்து, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது.

மைக்ரோவேவ் ஏன் கூடாது என்றால், அது பாலை ஒரே சீராகச் சூடாக்காது. பாட்டிலைத் தொட்டால் வெதுவெதுப்பு, உள்ளே ஓரிடத்தில் கொதி. குழந்தையின் வாய் வெந்துபோகும். எதிர்ப்பொருள்களும் அழியும்.

இன்னொரு தப்பு நம் ஊருக்கே உரியது: சூடாக்கிய பாலைப் பிளாஸ்கில் ஊற்றிப் பயணத்துக்கு எடுத்துப்போவது. ஹார்லிக்ஸுக்குப் பழகிய கை செய்யும் வேலை. வெதுவெதுப்பான பால் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருப்பதைவிடக் கிருமிக்கு வசதியான இடம் கிடையாது. பிளாஸ்கை வெந்நீருக்கு வைத்துக்கொண்டு, பாலை ஐஸ் பேக்கோடு தனியாக எடுத்துப்போய், கொடுக்கும் நேரத்தில் சூடாக்குங்கள்.

## பிரிந்த பாலும் திரிந்த பாலும்

ஃபிரிட்ஜில் வைத்த தாய்ப்பால் இரண்டாகப் பிரிந்து நிற்கும். மேலே மஞ்சளாகக் கெட்டிக் கொழுப்பு, கீழே நீலம் பாய்ந்த தண்ணீர் போல. திரிந்துவிட்டது என்று எத்தனையோ டப்பா இப்படிச் சிங்க்கில் போயிருக்கும். கடைப் பாலில் கொழுப்பைத் துகளாக்கிக் கலந்து விடுகிறார்கள், தாய்ப்பாலில் யாரும் அதைச் செய்வதில்லை. அதனால் கொழுப்பு மிதக்கிறது. சுழற்றினால் ஒன்றாகிவிடும். சுழற்றியும் கட்டி கட்டியாகத் திரண்டு, புளித்த நாற்றமும் அடித்தால்தான் அது திரிந்த பால்.

இதற்கு நடுவில் ஒன்று இருக்கிறது: சோப்பு வாடை. பாலில் உள்ள லைபேஸ் என்ற நொதி கொழுப்பைப் பிரித்துக்கொண்டே இருக்கும், ஃப்ரீசரிலும் மெதுவாக வேலை செய்யும். அதில் வெளிவரும் கொழுப்பு அமிலங்களின் வாடைதான் அது. கெடுதல் இல்லை. பல குழந்தைகள் கண்டுகொள்ளாமல் குடிக்கும், சில குழந்தைகள் முகம் சுளித்துத் துப்பும். உறைய வைக்கும் முன் ஓரம் நுரைக்கும் வரை சூடாக்கினால் லைபேஸ் அடங்கும் என்று ஒரு யோசனை சுற்றி வருகிறது. அடங்கும், ஆனால் காவலும் சேர்ந்து அடங்கும். 40 டிகிரிக்கு மேல் இதற்காகச் சூடாக்குவதை ஏபிஎம் ஏற்கவில்லை. குழந்தை மறுத்தால், ஃப்ரீசரை விட்டுவிட்டு ஓரிரு நாள் ஃபிரிட்ஜ் பாலோடு சமாளிப்பது மேல்.

## குடித்து மிச்சம் வைத்த பால்

குழந்தை வாய் வைத்த பாட்டிலில் எச்சில் போகிறது. கூடவே வாயிலிருக்கும் கிருமிகளும். அந்தப் பாலைக் குழந்தை குடித்து முடித்த 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். திரும்ப ஃபிரிட்ஜில் வைப்பது ஆகாது.

சங்கிலோ பாலாடையிலோ புகட்டும் வீடுகளுக்கு இங்கே ஒரு லாபம் இருக்கிறது. டப்பாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பாலாடையில் ஊற்றிக் கொடுத்தால் எச்சில் படுவது பாலாடையில் உள்ள பால் மட்டும்தான். பாலாடையைத் திரும்ப டப்பாவுக்குள் முக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

## அடுத்தவர் பால் என்றால்

மேலே சொன்னது எல்லாம் தன் குழந்தைக்குத் தாய் எடுத்து வைக்கும் பாலுக்கு. அதுவும் குறை மாதம் இல்லாத, ஆரோக்கியமான குழந்தைக்கு. பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யு.) இருக்கும் குழந்தைக்கு அந்த வார்டு சொல்லும் கணக்கே கணக்கு.

வேறொரு தாயின் பாலுக்குச் சட்டமும் வேறு, முறையும் வேறு. தாய்ப்பால் வங்கிகளில் கொடையாளிக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய பிறகே குழந்தைக்குக் கொடுப்பார்கள். ஆசியாவின் முதல் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. காவலில் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை, முகம் தெரியாதவரின் நோய் குழந்தைக்கு வரக் கூடாது என்பதே அங்கே கணக்கு. தாய்ப்பாலைப் பதப்படுத்தவோ விற்கவோ சட்டத்தில் அனுமதி இல்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 மே மாதம் எச்சரித்தது.

## மின்சாரம் போனால்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி ஒரு நாளில் ஃபிரிட்ஜில் உள்ள பால் எதுவரை தாங்கும்?

1. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் பகுதி ஏறக்குறைய 4 மணி நேரம் குளிர் காக்கும்.

2. நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும் என்பது நல்ல தனி ஃப்ரீசருக்கான கணக்கு. ஐஸ் பெட்டிக்கு அதை எதிர்பார்க்க முடியாது. காலி இடத்தில் தண்ணீர்ப் பாக்கெட்டுகளை உறைய வைத்து நிரப்பி வைத்தால் கொஞ்சம் நேரம் கூடும்.

3. ஆளில்லாத நேரத்தில் மின்சாரம் போய் வந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு கப் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் எதுவும் உருகவில்லை. அடியில் போய் உறைந்திருந்தால், பால் பைகள் பார்வைக்குக் கல்லாக இருந்தாலும் ஒருமுறை உருகி மறுபடி உறைந்தவை. அவற்றைக் கொடுக்கக் கூடாது.

4. நீங்கள் இருக்கும்போதே உருகத் தொடங்கினால், பைக்குள் ஐஸ் கட்டி தட்டுப்படும் வரை மறுபடி உறைய வைக்கலாம். கட்டி கரைந்து சில்லிப்பு மட்டும் இருந்தால் குளிராக வைத்திருந்து ஒரு நாளுக்குள் கொடுத்துவிடலாம். சில்லிப்பும் போயிருந்தால் சிங்க்கில்தான் ஊற்ற வேண்டும்.